பின்சில்லுக்கு வில் பூட்டிய வின்சென்ற்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் அரசரையும் புலவரையும் அறவோரையும் நாடுவது மரபு. கைவினைஞரை நாடுவோர் சிலரே. இரும்பை வளைத்தும் பொருத்தியும் வாழ்நாளைப் போக்கிய ஒருவரது வரலாற்றால் இலக்கியம் பயில்வோர்க்கு யாது பயன் என வினவுவோரும் உளர். இளமையில் ஒரு கருத்தைப் பற்றி, உலகம் நகைத்தபோதும் அதனை விடாது, கண்காண உருவாக்கிக் காட்டி, அதன்பொருட்டுத் தம் தொழிலகத்தையே இழந்து, ஈற்றில் அக்கருத்து எங்கும் பரவக் கண்டு மறைந்த ஒருவர் இருந்தாராயின், அவர் கையில் இருந்தது எழுத்தாணியா சம்மட்டியா என்பது பெரிதன்று. அவர் வரலாறு மாணவர் கற்றற்குரியது.

அவ்வாறு வாழ்ந்தவர் பிலிப் கொன்றாட் வின்சென்ற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளின் பின்சில்லு வில்லின்மேல் நிற்றல் வேண்டும் என்பதே அவர் கொண்ட கருத்து. இன்று தெருவில் ஓடும் எந்த மோட்டார் சைக்கிளை நோக்கினும் பின்சில்லின் அருகே சுருள்வில் இருக்கக் காண்போம். எங்கும் உள்ள பொருளாதலின் அதனை யார் வற்புறுத்தினார், என்ன விலை கொடுத்தார் என்று எவரும் எண்ணுவதில்லை. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் ஐயமும்

வின்சென்ற் 1908 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் செஷயர்ப் பகுதியிலுள்ள வில்ம்ஸ்லோ என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் தென் அமெரிக்காவிலே ஆர்ஜென்ரீனாவில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தனர். ஆதலின் அவரது பிள்ளைப்பருவம் அந்நாட்டின் பரந்த புல்வெளிகளிற் கழிந்தது. பின்னர்க் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, புகழ்பெற்ற ஹரோ பாடசாலையிற் பயின்றார். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பெருங்காதல் உண்டானது அங்கே பயிலுங் காலத்திலேயே. அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து பொறியியல் கற்கலானார்.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி, அவ்விளைஞரின் உள்ளத்தில் எழுந்த ஐயம் நமக்கு விளங்காது. முன்சில்லு ஒரு கவரிலே பூட்டப்பட்டு, அக்கவருக்கு வில் அமைக்கப்பட்டிருந்தது. பின்சில்லோ சட்டகத்தின் குழாய்களிலே நேரே இறுகப் பூட்டப்பட்டிருந்தது. ஓட்டுபவர் இருக்கையின் கீழே மட்டும் சுருள்வில்கள் இருக்கும். தெருவின் மேட்டிலும் பள்ளத்திலும் பின்சில்லு மோதும்போது, அவ்வில்கள் ஓட்டுபவரின் உடலை ஒருவாறு காத்தன, வண்டியைக் காக்கவில்லை.

இதனால் விளையுந் தீங்கு உடல்நோவு மட்டுமன்று. வில்லில்லாத சில்லு ஒரு மேட்டிற் பட்டவுடன் வண்டியின் பின்பாகம் முழுவதையுந் தூக்கிக்கொண்டு எழும். எழுந்த கணத்தில் அதற்கும் நிலத்துக்குந் தொடர்பு அறுந்துவிடும். நிலத்தைத் தொடாத சில்லு வண்டியை முன்னே செலுத்தவும் மாட்டாது. பிறேக்கை அழுத்தினால் நிறுத்தவும் மாட்டாது. வளைவில் இவ்வாறு நேர்ந்தால் வண்டி ஓட்டுபவரின் ஆணைக்கு அடங்காது போகும். வேகம் மிகுந்தோறும் சில்லு நிலத்தைவிட்டு நீங்கும் நேரமும் மிகும். ஆகவே, எஞ்சினின் வலுவைப் பெருக்கிக்கொண்டு பின்சில்லை வில்லின்றி விடுவது, குதிரைக்கு ஊட்டமளித்துவிட்டு அதன் கால்களைக் கட்டிவிடுவதை ஒக்கும். இதுவே வின்சென்ற் கண்ட குறை.

இக்குறையை அவருக்கு முன்னரும் சிலர் உணர்ந்திருந்தனர். அமெரிக்காவில் இந்தியன் என்னும் பெயருடைய தொழிலகம் 1913 ஆம் ஆண்டிலேயே பின்சில்லுக்குத் தகட்டுவில் பூட்டிய வண்டியை விற்றது. ஆயினும் பெரும்பாலோர் அவ்வழியிற் செல்லவில்லை. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. பின்சில்லை மேலுங் கீழும் அசைய விடுவதற்கு ஓர் இடத்திற் சுழலும் இணைப்பு வேண்டும். அவ்விணைப்பு சிறிது தேய்ந்தாலும் தளர்ந்தாலும் சில்லு பக்கவாட்டிற் சாயத் தொடங்கும். சாய்ந்த சில்லு வேகத்தில் வண்டியைப் பாம்புபோல நெளியச் செய்யும். நெளியும் வண்டியினும் குலுக்கும் வண்டி மேலானது என்று அனுபவமுடையோர் கருதினர். அவர் அஞ்சியது வீணான அச்சமன்று. வில் வேண்டுமா வேண்டாவா என்பதோடு, வில்லையுந் தந்து உறுதியையுங் காப்பது எவ்வாறு என்பதே வினா.

முக்கோணத்தின் உறுதி

அவ்வினாவிற்கு வின்சென்ற் கண்ட விடை மிக எளியது. நான்கு மூங்கிற் கழிகளை நாற்கோணமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால் அது சரிந்துவிடும். மூன்று கழிகளை முக்கோணமாகக் கட்டினால், கழி முறிந்தாலன்றி வடிவம் மாறாது. வீட்டுக் கூரை போடுவோர் அறிந்த இவ்வுண்மையை அவர் மோட்டார் சைக்கிளின் பின்கவரிலே புகுத்தினார்.

பின்சில்லின் இருபுறத்தும் குழாய்களால் ஒவ்வொரு முக்கோணம் அமைத்தார். முக்கோணத்தின் முன்மூலை கியர்ப்பெட்டிக்குப் பின்னே சுழலும் இணைப்பாக நின்றது. பின்மூலையிற் சில்லின் அச்சு பூட்டப்பட்டது. மேல்மூலை இருக்கையின் கீழே உயர்ந்து நின்றது. அந்த மேல்மூலைக்கும் சட்டகத்துக்கும் இடையே சுருள்வில்கள் ஏறத்தாழப் படுக்கையாகக் கிடந்தன. சில்லு மேட்டில் ஏறும்போது முக்கோணம் முழுவதும் முன்மூலையை நடுவாகக்கொண்டு சுழலும். மேல்மூலை முன்னோக்கிச் சென்று வில்லை அமுக்கும். சுழலிடத்தில் வெறும் குழலை வைக்காது கூம்புருளைப் போதிகைகளைப் பொருத்தினார். தொழிலாளர் பெயாறிங் என்று வழங்கும் இவ்வுறுப்பு, தேய்ந்தவிடத்து மீண்டும் இறுக்கிக்கொள்ளக் கூடியது. ஆகவே சில்லு மேலுங் கீழும் அசைந்தது, பக்கவாட்டிற் சாயவில்லை. சுழலிடம் கியர்ப்பெட்டியை அடுத்து இருந்தமையால், சில்லு அசைந்தபோதும் சங்கிலியின் இறுக்கம் பெரிதும் மாறவில்லை.

இவ்வமைப்புடைய முதல் வண்டியை அவர் 1927 இல், சுவிற்சர்லாந்து நாட்டு எஞ்சின் ஒன்றைப் பூட்டிச் செய்வித்தார். அப்போது அவருக்கு வயது 19. மறு ஆண்டில் அவ்வமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். சில்லின் அச்சு வண்டியின் கீழே இருப்பினும் அதன் அதிர்ச்சியை இருக்கையின் கீழே கொண்டுசென்று தாங்கவைத்த இம்முறையை, தம் வாழ்நாளிற் செய்த எல்லா வண்டிகளுக்கும் அவர் அடிப்படையாக்கினார்.

தொழிலகமும் நகைப்பும்

பெயரறியாத இளைஞர் ஒருவர் புதியதோர் அமைப்பைக் கொண்டுவந்தால் வாங்குவோர் உண்டாவரா? இதனை உணர்ந்த வின்சென்ற் புகழுடைய பெயர் ஒன்றைத் தேடினார். ஹவார்ட் டேவிஸ் என்னும் ஓட்டவீரர் எச்.ஆர்.டி. என்ற பெயரால் மோட்டார் சைக்கிள் செய்து, 1925 இல் மான் தீவிலே நிகழ்ந்த ரி.ரி. போட்டியில் தாம் செய்த வண்டியைத் தாமே ஓட்டி வென்றவர். அப்புகழ் இருந்தும் அவரது தொழிலகம் நிலைக்கவில்லை. 1928 இல் அப்பெயரும் கருவிகளும் விலைக்கு வந்தபோது, ஆர்ஜென்ரீனாவிலிருந்த தந்தையாரின் பொருளுதவியால் வின்சென்ற் அவற்றை 450 பவுணுக்கு வாங்கினார். இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஸ்டீவனேஜ் என்னும் ஊரில் வின்சென்ற் எச்.ஆர்.டி. தொழிலகம் தோன்றியது. தலைவருக்கு வயது 20.

வண்டிகள் சந்தைக்கு வந்தன. வாங்குவோர் தயங்கினர். முக்கோணக் குழாய்கள் நிறைந்த அச்சட்டகம் பழகிய கண்களுக்கு அழகாகத் தோன்றவில்லை. பின்சில்லு அசையும் வண்டி ஆபத்தானது என்ற பழைய எண்ணமும் மறையவில்லை. இவ்விடத்தில் வின்சென்ற் செய்தது கவனிக்கத்தக்கது. சட்டகத்தின் முற்பகுதியை மக்கள் பழகிய வடிவத்துக்கு இசைய மாற்றினார். பின்புறத்து வில்லமைப்பைப் பார்வைக்கு அடங்கியிருக்குமாறு ஒழுங்கு செய்தார். வடிவத்தில் விட்டுக்கொடுத்தார், கருத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுபவர் வில்லைக் கண்ணாற் காணாவிடினும் முதுகெலும்பால் உணர்ந்தாற் போதும் என்பது அவர் துணிபு.

1930களின் தொடக்கத்தில் அவருக்குத் தக்க துணைவர் ஒருவர் வாய்த்தார். அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் இர்விங் என்னும் பொறியியலாளர். வின்சென்ற் கனவு காண்பதிற் சிறந்தவர்; இர்விங் அக்கனவை வரைபடமாக்கி இரும்பிலே நிலைநிறுத்துவதில் வல்லவர். பிறரிடம் விலைக்கு வாங்கிய எஞ்சின்களையே தொழிலகம் அதுவரை வண்டிகளிற் பூட்டிவந்தது. 1934 ஆம் ஆண்டு ரி.ரி. போட்டியில் அவ்வாறு பூட்டிய மூன்று வண்டிகளும் ஓட்டத்தை முடிக்கவில்லை. இனிப் பிறர் எஞ்சினை நம்புவதில்லை எனத் துணிந்து இருவரும் சில மாதங்களுள் 499 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒற்றை உருளை எஞ்சினைச் செய்து முடித்தனர். அதனைப் பூட்டிய கொமெற் என்னும் வண்டி மணிக்கு 90 மைல் வேகம் செல்ல வல்லதாயிருந்தது.

அடுத்து நிகழ்ந்ததைக் குறித்து ஒரு வரலாறு சொல்லப்படுகின்றது. ஒற்றை உருளை எஞ்சினின் வரைபடத் தாள்கள் இரண்டு இர்விங்கின் மேசையில் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடந்தனவாம். இரண்டு உருளைகளும் கவைக்கோல்போல விரிந்து நிற்கும் ஓர் எஞ்சினாக அவை தோன்ற, அக்காட்சியே 1936 இல் றப்பீட் என்னும் வண்டிக்கு வித்தாயிற்று. அதன் கொள்ளளவு 998 கனசென்ரிமீற்றர். வலு 45 பரிவலு. வேகம் மணிக்கு 110 மைல். எஞ்சினின் வெளியே எண்ணெய்க் குழாய்கள் பல ஓடியமையால் குழாய்த் தொழிலாளிக்குக் கனவிலும் அச்சந் தருவது என்று அதனைக் கேலி செய்தனர். அதன் கிளச்சும் கியர்ப்பெட்டியும் அத்துணை வலுவைத் தாங்க இடர்ப்பட்டன. இவ்வகையில் ஏறத்தாழ 80 வண்டிகளே செய்யப்பட்டன. ஆயினும் அவ்வேகத்திலும் நெளியாது சென்றது அதன் பின்சில்லு.

சட்டகமே வேண்டா

இரண்டாம் உலகப்போர் மூண்டது. தொழிலகம் போர்க்கருவிகளின் உறுப்புகளைச் செய்யலாயிற்று. இடையில் வேறிடஞ் சென்றிருந்த இர்விங் 1943 இல் மீண்டு வந்தார். போர் முடிந்தபின் செய்யவேண்டிய வண்டியைப் பற்றி இருவரும் சிந்தித்தனர். அச்சிந்தனையின் விளைவு 1946 இல் வெளிப்பட்டது. பி வரிசை றப்பீட் என்று பெயர்பெற்ற அவ்வண்டியில், மோட்டார் சைக்கிளின் உடல் என்று எல்லோருங் கருதிய குழாய்ச் சட்டகமே இல்லை.

இது எங்ஙனம் இயலும்? சட்டகத்தின் தொழில் யாது என்று வின்சென்ற் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். முன்சில்லின் விசையையும் பின்சில்லின் விசையையும் ஒன்றோடொன்று இணைப்பதும், நடுவில் எஞ்சினைத் தாங்குவதுமே அதன் தொழில். எஞ்சினோ வார்ப்பு உலோகத்தால் ஆகிய உறுதியான திரள். தன்னைத்தானே தாங்கவல்ல அதனைச் சுற்றி இரும்புக் குழாய்களால் ஒரு கூடு கட்டுவது வீண்பாரம். ஆகவே எஞ்சினையே உடலாக்கினார். அதன் மேலே பெட்டி வடிவில் ஒரு முதுகெலும்பை வைத்துப் பூட்டினார். அம்முதுகெலும்பின் முன்முனையிற் கைபிடியின் தலை. பின்முனையிற் பின்சில்லின் வில்கள். உள்ளே எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய். ஓர் உறுப்பு மூன்று பணி செய்தது. பின்கவரின் சுழலிடம் எஞ்சினின் பின்புறத்தில் அமைந்தது. உருளைகளுக்கு இடையேயுள்ள கோணம் முன்பு 47.5 பாகையாக இருந்தது. முதுகெலும்போடு எஞ்சின் இசைந்து பூட்டப்படுமாறு அது 50 பாகையாக்கப்பட்டது.

நுணுகி நோக்கினால் இதுவும் அவரது முதற் கருத்தின் முதிர்ச்சியே. பின்சில்லைத் தாங்கும் உறுதியான முக்கோணம் ஒன்று உண்டாயின், அதன் விசை இரண்டே இடங்களில் வந்து சேரும்: ஒன்று சுழலிடம், மற்றொன்று வில்லின் முன்முனை. அவ்விரண்டு இடங்களையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள எஞ்சினும் முதுகெலும்பும் போதும். பின்சில்லின் பாரம் எவ்வழியே செல்கின்றது என்பதை 19 வயதில் அறிந்தவர், 38 வயதில் அவ்வழிக்கு வேண்டாதவற்றை நீக்கினார். கற்றவன் சொற்சுருக்கம் பெறுவதுபோல அக்கைவினைஞர் உறுப்புச் சுருக்கம் பெற்றார் எனலாம்.

ஓட்டுபவர் நலனையும் அவர் மறக்கவில்லை. கருவிகள் வேண்டாது கையாலே திருகிச் சில்லைக் கழற்றலாம். ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டிரண்டாக நான்கு பிறேக்குகள் இருந்தன. உடலளவுக்கு ஏற்பக் கால்வைக்கும் இடத்தையும் மிதிகளையும் மாற்றிக்கொள்ளலாம்.

விபத்தும் வெற்றியும்

1947 இல் வின்சென்ற் தம் வண்டியொன்றைத் தாமே ஓட்டிச் சோதிக்கும்போது விபத்துக்குள்ளாகித் தலையிற் கடுங்காயமுற்றார். தம் படைப்பைத் தம் உடலாலேயே சோதித்துவந்த ஒருவருக்கு நேர்ந்த இவ்விபத்து, அவர் வாழ்வின் போக்கைப் பெரிதும் மாற்றியது. ஆயினும் தொழிலகத்தின் புகழ் உச்சியை எட்டியது அடுத்த ஆண்டிலேதான்.

1948 இல் பிளாக் ஷடோ, அஃதாவது கருநிழல், என்னும் வண்டி வெளிவந்தது. அதன் எஞ்சினுக்குக் கரிய பூச்சு பூசிச் சூளையிற் காய்ச்சியிருந்தனர். 55 பரிவலு கொண்ட அவ்வண்டி மணிக்கு 125 மைல் வேகத்தை எட்டியது. அதன் வேகமானியில் 150 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களுள் அக்காலத்தில் அதனை வெல்ல வல்லது இருக்கவில்லை.

அவ்வாண்டு செப்தெம்பர் 13 ஆம் நாள், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பொனவில் உப்புவெளியில் றொலி பிறீ என்னும் ஓட்டவீரர் ஒரு வின்சென்ற் வண்டியில் ஏறினார். முதலில் ஓடியபோது தோலுடை காற்றிற் கிழிந்து வேகத்தைத் தடுத்தது. அவர் அவ்வுடையைக் களைந்து, நீச்சலுடையோடு, வண்டியின்மேல் வயிறு படியக் கிடந்து, கால்களைப் பின்னே நீட்டியவாறு பறந்தார். வேகம் மணிக்கு 150.313 மைலாகக் கணிக்கப்பட்டது. அக்கோலத்தில் எடுத்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. வின்சென்ற் வண்டிகளுள் பின்சில்லுக்கு அதிர்வு தணிப்பி பொருத்தப்பட்ட முதல் வண்டியும் அதுவே என்பது பலரும் நோக்காத செய்தி.

அதிர்வு தணிப்பி என்பது வில்லின் துணைவன். வில் அமுங்கினால் மீண்டெழும், எழுந்தால் மீண்டும் அமுங்கும், ஊஞ்சல்போல ஆடிக்கொண்டேயிருக்கும். ஓர் உருளையில் அடைத்த எண்ணெய் சிறுதுளை வழியே புகுந்து செல்லும்போது உண்டாகுந் தடையினால் அவ்வாட்டத்தை அடக்குவதே தணிப்பியின் பணி. சி வரிசை வண்டிகளில் இரண்டு வில்லுறைகளுக்கும் நடுவே இத்தணிப்பி இடம்பெற்றது. எச்.ஆர்.டி. என்னும் எழுத்துகள் அமெரிக்காவிலே ஹார்லி டேவிட்சன் என்னும் பெயரோடு மயங்கியமையால் அவையும் நீக்கப்பட்டன. வின்சென்ற் என்னும் பெயர் தனித்து நின்றது.

வீழ்ச்சி

புகழ் வேறு, பொருள் வேறு என்பதை இவ்வரலாறு நன்கு காட்டும். உறுப்பு ஒவ்வொன்றும் உயர்ந்த உலோகத்தால், மிகுந்த உழைப்பால் ஆக்கப்பட்டது. அதற்குத் தக்க விலை கொடுக்க வல்லவர் சிலர். போருக்குப் பின்னர் மக்கள் விரும்பியது மலிவான சிறு வண்டியையும், காலஞ்செல்ல மலிவான சிறு மோட்டார் காரையுமே. 1949 இல் தொழிலகம் கடன்பட்டு, அதன் நிர்வாகம் பொறுப்பாளர் ஒருவர் கைக்குச் சென்றது. அதே ஆண்டில் இர்விங் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். அவர் பிற்காலத்தில் வரைந்த எஞ்சினைப் பூட்டிய காரிலேயே ஜாக் பிரபாம் 1966 இல் உலகக் காரோட்ட வீரர் பட்டம் வென்றார்.

வின்சென்ற் மனந்தளரவில்லை. 1954 இல் டி வரிசை வண்டிகளைக் கொணர்ந்தார். அவற்றுள் சிலவற்றில் எஞ்சினும் பின்சில்லும் வெளியே தோன்றாதவாறு கண்ணாடியிழை உறையால் மூடப்பட்டன. சேறும் எண்ணெயும் ஆடையிற் படாது, காரில் அமர்ந்தவர்போலத் தூய்மையோடு செல்லவேண்டும் என்பது நோக்கம். பின்புறத்து இரண்டு வில்லுறைகளையும் தணிப்பியையும் நீக்கி, வில்லும் தணிப்பியும் ஒன்றாய் அமைந்த ஒரே உறுப்பை வைத்தார். எண்ணெய் கொண்ட பெட்டி வடிவ முதுகெலும்புக்குப் பதிலாக ஒரு குழாயை இட்டு, எண்ணெய்க்குத் தனித்தாங்கி அமைத்தார். தம் படைப்பையே அறுத்துத் திருத்த அவர் தயங்கவில்லை. ஆயின் முக்கோணக் கவரையும் சுழலிடத்தையும் தொடவில்லை. மாற்றத்தக்கது எது, மாற்றத்தகாதது எது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

அவ்வுறைகளை மக்கள் விரும்பவில்லை. 1955 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஸ்டீவனேஜில் இறுதி வண்டி செய்யப்பட்டது. போருக்குப் பின் அங்கே செய்யப்பட்டவை ஏறத்தாழ 11,000 வண்டிகள். பெருந்தொழிலகங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை. வின்சென்ற் அப்போது 47 வயதினர். அதன்பின் அவர் மோட்டார் சைக்கிள் தொழிலகம் எதனையும் நிறுவவில்லை. தம் வரலாற்றைத் தாமே எழுதி 1976 இல் நூலாக வெளியிட்டார். 1979 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆம் நாள், தமது 71 ஆவது வயதில் மறைந்தார்.

கருத்தின் பின்வாழ்வு

தொழிலகம் மூடப்பட்டபோது வண்டிகள் மறையவில்லை. அவற்றைப் பெற்றோர் பலர் தம் விருப்பப்படி திருத்தத் தொடங்கினர். வின்சென்ற் எஞ்சினை நோட்டன் வண்டியின் சட்டகத்திலே பூட்டி நோர்வின் எனப் பெயரிட்டனர் சிலர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிறிட்ஸ் எக்லி 1967 இல் பருத்த குழாயொன்றை முதுகெலும்பாகக் கொண்ட புதிய சட்டகத்தை ஆக்கி, அதன்கீழ் வின்சென்ற் எஞ்சினைத் தொங்கவிட்டார். பின்சில்லுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரு வில்தணிப்பிகளை வைத்தார். எஞ்சினின் மேலே ஒரு வலிய முதுகெலும்பு போதும் என்ற வின்சென்றின் கொள்கையே அவர் சட்டகத்திலும் வேறுருவில் நின்றது. 1973 இல் ஜப்பானிய யமஹா தொழிலகம், பெல்ஜிய நாட்டினரான லூசியன் ரில்கென்ஸ் என்பவரின் அமைப்பைக் கையாண்டு, முக்கோணப் பின்கவரையும் பெற்றோல் தாங்கியின் கீழே கிடக்கும் ஒற்றைத் தணிப்பியையும் உடைய வண்டியால் 250 கனசென்ரிமீற்றர் வகுப்பில் உலகக் கரடுமுரடு ஓட்டப் பட்டத்தை வென்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் காட்டிய வழியை அது ஒத்திருந்தது. வின்சென்ற் உயிரோடிருக்கும்போதே இது நிகழ்ந்தது என்பது ஓர் ஆறுதல்.

பழைய வண்டிகளைத் திருத்துவோர் இன்றும் உளர். அவருள் இருவகையினரைக் காணலாம். ஒருவகையினர் தோற்றத்தின் நேர்கோடு ஒன்றையே கருதிப் பின்புறத்து வில்லமைப்பை அறுத்தெறிந்து, பின்சில்லை மீண்டும் சட்டகத்திலே இறுகப் பூட்டுவர். பார்வைக்கு அது அழகாக இருக்கலாம். ஆனால் வின்சென்ற் தம் இளமையிற் கண்ட அதே குறைக்கு அவர் திரும்பிச் செல்கின்றனர். மற்றொரு வகையினர் வாளை எடுக்குமுன் பாரம் செல்லும் வழியை ஆராய்வர். வில்லின் பிடிப்பிடத்தைச் சிறிது நகர்த்தினும் நெம்புகோலின் அளவு மாறும். அதனால் அதே வில் மென்மையாகவோ வன்மையாகவோ நடக்கும். சுழலிடத்தை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் சங்கிலியின் இறுக்கம் மாறும். பின்கவரை நீட்டினால் வண்டி நேர்வழியில் அமைதியாகச் செல்லும். வளைவில் மெதுவாகத் திரும்பும். இரண்டு சில்லுகளும் ஒரே தளத்தில் நில்லாவிடின் வேறெந்தத் திருத்தமும் பயன்படாது. எக்லியைப் போன்றோர் வின்சென்றின் வண்டியை மாற்றியும் அவருக்கு உண்மையான மாணாக்கராயினர். ஏனெனில் அவர் மாற்றியது உறுப்பை, பேணியது காரணத்தை.

இது இரும்புக்கு மட்டும் உரிய நெறியன்று. பழைய உரையைத் திருத்துவோர்க்கும், பழைய பாடத்திட்டத்தை மாற்றுவோர்க்கும், முன்னோர் வழக்கத்தைச் சீர்செய்ய முற்படுவோர்க்கும் இதுவே நெறி. எந்த உறுப்பு எந்தப் பாரத்தைத் தாங்குகின்றது என்று அறியாது அறுப்பவன் கையில் முழுதுஞ் சிதையும். அறிந்து அறுப்பவன் கையிற் பழமை புத்துயிர் பெறும். பெட்டி வடிவ முதுகெலும்பைத் தாமே கைவிட்ட வின்சென்ற், முக்கோணத்தை ஈறுவரை கைவிடாதிருந்தமை இதற்குச் சான்று.

அவர் தொழிலகம் நிலைக்கவில்லை, செல்வம் நிலைக்கவில்லை. மேடுபள்ளம் நிறைந்த தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் செல்லும்போது, அதன் பின்சில்லு மேலெழுந்து தாழ்ந்து நிலத்தைவிட்டு நீங்காது உருள்வதைக் காண்போமாயின், அதனை வற்புறுத்துவதற்கே வாழ்ந்த ஒருவரை ஒருகணம் நினைத்தல் தகும்.